லிபெர்டாஸ் (அயர்லாந்து)

லிபெர்டாஸ் என்பது, ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம் குறித்து அயர்லாந்தில் 2008 ஆம் ஆண்டு நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில், "இல்லை" என வாக்களிக்குமாறு பரப்புரை செய்த ஓர் அரசியல் அழுத்தக் குழு ஆகும். தொழில் முனைவரான டெக்லன் கேன்லி இதன் நிறுவனரும் தலைவரும் ஆவார். விடுதலை என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லே இதன் பெயராக அமைந்தது. நாடாளுமன்றத்தில் ஓர் இடம் கூட இல்லாத, தொடங்கி இரண்டு ஆண்டுகள் கூட நிறைவுறாத இவ்வமைப்பு, நாட்டின் பெரிய கட்சிகள் அனைத்தும் ஆதரித்த ஓர் ஒப்பந்தத்தின் தோல்வியில் முதன்மைப் பங்கு வகித்ததாகக் கருதப்படுகிறது.

2008 ஜூன் 12 அன்று நடந்த வாக்கெடுப்பில் 53.4 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை நிராகரித்தனர். அன்றைய 27 உறுப்பு நாடுகளுள் இவ்வொப்பந்தம் குறித்து மக்களிடம் நேரடியாகக் கேட்ட நாடு அயர்லாந்து ஒன்றே. ஒரு நாடு ஏற்காவிடினும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர இயலாது என்பதால், ஏறத்தாழ ஐம்பது கோடி மக்களைக் கொண்ட ஒன்றியத்தின் சீர்திருத்தம் 862,415 வாக்குகளால் நின்றது. பதினாறு மாதங்களுக்குப் பின் அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது, 67.1 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தனர். இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில் ஒப்பந்தத்தின் உரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவை எவை, அவற்றில் லிபெர்டாசுக்கு உள்ள பங்கு என்ன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

அயர்லாந்து 1973 ஆம் ஆண்டு ஐரோப்பிய சமூகத்தில் இணைந்தது. அதற்கு முந்திய ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் 83.1 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்திருந்தனர். பின்னர் ஒவ்வொரு ஒப்பந்தத்திற்கும் இவ்வாதரவு படிப்படியாகக் குறைந்து வந்தது. 1987 இல் ஒற்றை ஐரோப்பியச் சட்டத்திற்கு 69.9 விழுக்காடு, 1992 இல் மாசுடிரிக்ட் ஒப்பந்தத்திற்கு 69.1 விழுக்காடு, 1998 இல் ஆம்சுடர்டாம் ஒப்பந்தத்திற்கு 61.7 விழுக்காடு. 2001 இல் நீஸ் ஒப்பந்தம் தோல்வியே கண்டது. அப்போது வாக்களித்தோர் 34.8 விழுக்காட்டினர் மட்டுமே. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே ஒப்பந்தம் மீண்டும் முன்வைக்கப்பட்டு 62.9 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. எனவே 2008 இல் "இல்லை" என்று சொல்வது அயர்லாந்து வாக்காளருக்குப் புதிய செயல் அன்று. அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவர்கள் அறியாதது அன்று.

பிற நாடுகள் நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்ட ஒன்றை அயர்லாந்து ஏன் மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது? இதற்குக் காரணம் ஒரு தனி மனிதர் தொடுத்த வழக்கு. பொருளியலாளரான ரேமண்ட் குரொட்டி, ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தை அரசு தன் விருப்பப்படி ஏற்க இயலாது எனக் கூறி நீதிமன்றம் சென்றார். 1987 இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் இறைமையைப் பாதிக்கும் ஒப்பந்தம் எதுவாயினும் அரசியலமைப்பைத் திருத்தியே அதனை ஏற்க வேண்டும் என்பதும், அயர்லாந்தில் அரசியலமைப்பைத் திருத்தப் பொதுவாக்கெடுப்பு கட்டாயம் என்பதும் சேர்ந்து இந்நடைமுறையை உருவாக்கின.

லிஸ்பன் ஒப்பந்தத்திற்கும் ஒரு முன்கதை உண்டு. ஐரோப்பாவிற்கு ஓர் அரசியலமைப்பை வகுக்கும் ஒப்பந்தத்தை 2005 மே 29 அன்று பிரான்சு மக்களும், ஜூன் 1 அன்று நெதர்லாந்து மக்களும் நிராகரித்தனர். அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி, அரசியலமைப்பு என்ற பெயரும் கொடி, பண் போன்ற அடையாளங்களும் நீக்கப்பட்டு, பழைய ஒப்பந்தங்களுக்கான திருத்தங்கள் என்ற வடிவில் 2007 டிசம்பர் 13 அன்று லிஸ்பன் நகரில் கையெழுத்தானது.

இவ்வடிவம் பின்னர் பெரும் தலைவலியானது. லிஸ்பன் ஒப்பந்தம் தனித்து நின்று படிக்கத் தக்க ஆவணம் அன்று. இன்ன பிரிவில் இன்ன சொற்களை நீக்குக, இன்ன பத்தியைச் சேர்க்க என்று பக்கம் பக்கமாகச் செல்லும் திருத்தப் பட்டியல் அது. மென்பொருள் எழுதுவோருக்கு இது நன்கு பழகிய ஒன்று. மூல நிரல் கையில் இல்லாமல், மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பை ஒருவரிடம் கொடுத்து, இதனை ஏற்கிறீரா எனக் கேட்பதற்கு நிகரானது. திருத்தங்களை உள்ளடக்கிய முழு உரையை ஒன்றியம் தன் அலுவல் இதழில் வெளியிட்டது 2008 மே 9 அன்றுதான். வாக்கெடுப்புக்கு அப்போது ஐந்து வாரங்களே எஞ்சியிருந்தன.

தோற்றம்

லிபெர்டாஸ் 2006 அக்டோபரில் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் முகவரி கால்வே மாவட்டத்தில் கேன்லியின் இல்லமான மொய்ன் பார்க் ஆகும். கேன்லி 1968 இல் இங்கிலாந்தில் அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, சிறுவயதில் கால்வேக்குக் குடிபெயர்ந்தவர். சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் உருசியாவிலும் லாத்வியாவிலும் வணிகம் செய்து பொருள் ஈட்டினார். பின்னர் அவர் தொடங்கிய ரிவாடா நெட்வொர்க்சு நிறுவனம், பேரிடர்க் காலங்களில் பயன்படும் தகவல்தொடர்பு அமைப்புகளை அமெரிக்க அரசுத் துறைகளுக்கு வழங்கி வந்தது.

கேன்லி தன்னை ஐரோப்பிய எதிர்ப்பாளர் என ஒருபோதும் அழைத்துக்கொள்ளவில்லை. மாறாக, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும், இருபத்தைந்து பக்கங்களில் அடங்கும் எளிய அரசியலமைப்பும் கொண்ட வலுவான ஐரோப்பா வேண்டும் என்றார். இந்நிலைப்பாடு உண்மையில் அன்றைய அரசுகள் பலவற்றின் நிலைப்பாட்டை விடக் கூட்டாட்சிக்கு நெருக்கமானது. அவரைப் பின்தொடர்ந்து வாக்களித்தோரில் எத்தனை பேர் இதனை விரும்பியிருப்பார்கள் என்பது ஐயத்திற்குரியது.

"இல்லை" தரப்பில் லிபெர்டாஸ் தனித்து நிற்கவில்லை. நாடாளுமன்றக் கட்சிகளுள் சின் பெயின் ஒன்று மட்டும் எதிர்த்தது. சோசலிசக் கட்சி, மக்கள் இயக்கம், கத்தோலிக்கப் பழமைவாதச் சார்புடைய கோயிர் ஆகியவையும் எதிர்த்தன. இவற்றின் காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஒப்பந்தம் முதலாளிகளுக்குச் சாதகமானது, தொழிலாளர் உரிமையைக் குறைப்பது என்றது இடதுசாரி. அது தொழில் முனைவோரைக் கட்டுப்பாடுகளால் நெரிப்பது, குறைந்த வரிக்கு ஆபத்தானது என்றது லிபெர்டாஸ். ஆட்சியமைக்கும் தேர்தலில் இத்தகைய கூட்டணி ஒரு நாளும் நிலைக்காது. பொதுவாக்கெடுப்பில் நிலைக்க வேண்டிய தேவையும் இல்லை. முரண்பட்ட காரணங்கள் யாவும் ஒரே பெட்டியில் ஒரே சொல்லாக விழுந்துவிடுகின்றன.

லிபெர்டாசின் தனிச்சிறப்பு, மற்றவர்களால் எட்ட இயலாத வாக்காளரை அது எட்டியதே. சின் பெயினுக்கோ கோயிர் அமைப்புக்கோ செவிசாய்க்காத நடுத்தர வகுப்பினர், சிறு தொழில் நடத்துவோர், ஐரோப்பாவால் நலம் பெற்றோம் என எண்ணுவோர் ஆகியோருக்கு, ஐரோப்பாவை நேசித்தபடியே இவ்வொப்பந்தத்தை மறுக்கலாம் என்ற ஒரு வழியை அது திறந்து வைத்தது.

"ஆம்" தரப்பின் நிலை

ஆளுங்கட்சியான ஃபியன்னா ஃபாயில், முதன்மை எதிர்க்கட்சியான ஃபினே கேயில், தொழிற்கட்சி, முற்போக்குச் சனநாயகவாதிகள் ஆகிய கட்சிகள் ஒப்பந்தத்தை ஆதரித்தன. கூட்டணியில் இருந்த பசுமைக் கட்சியில் பெரும்பான்மையோர் ஆதரித்த போதும், கட்சி விதிப்படி தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிட்டாததால் அக்கட்சி அதிகாரபூர்வ நிலைப்பாடு எடுக்கவில்லை. 166 உறுப்பினர் கொண்ட கீழவையில் சின் பெயினுக்கு இருந்தவை 4 இடங்கள். இந்த எண்களைப் பார்த்தவர்கள் முடிவு எப்படியும் சாதகமாகவே அமையும் என நம்பியதில் வியப்பில்லை.

எனினும் 2008 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் பிரதமர் பெர்ட்டி அகர்னின் கவனம், அவருடைய பணவரவுகளை விசாரித்து வந்த நடுவர் மன்றத்தின் மீதே இருந்தது. மே 6 அன்று அவர் பதவி விலகினார். மறுநாள் பிரயன் கவன் பிரதமரானார். அவருக்கு ஐந்து வாரங்களே கிடைத்தன. ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை தாம் படிக்கவில்லை என அவர் ஒப்புக்கொண்டார். ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்தின் ஆணையராக இருந்த சார்லி மெக்கிரீவியோ, தாம் படிக்கவில்லை என்பதோடு நிற்காமல், அறிவுத் தெளிவுள்ள எவரும் அதனைப் படிப்பார் என எதிர்பார்க்கவும் இல்லை என்ற பொருளில் பேசினார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தாம் படிக்காத ஆவணத்திற்குப் பிறரிடம் கையொப்பம் கேட்பவர் சொல்லத்தக்க உண்மை அன்று அது.

"ஆம்" தரப்பின் சுவரொட்டிகள் பலவற்றில் உள்ளூர் அரசியல்வாதிகளின் முகங்களே பெரிதாக இருந்தன. அடுத்த ஆண்டு உள்ளாட்சி, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்கள் வரவிருந்ததே அதற்குக் காரணம் என அப்போதே விமர்சிக்கப்பட்டது. உலக வணிக அமைப்பின் பேச்சுவார்த்தைகளில் வேளாண்மை விட்டுக்கொடுக்கப்படுகிறது என்று சினங்கொண்டிருந்த அயர்லாந்து உழவர் சங்கம், தேவையெனில் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்துவோம் எனக் கவன் உறுதியளித்த பிறகே, வாக்கெடுப்புக்கு ஒன்பது நாட்கள் முன்னர் ஆதரவு தெரிவித்தது.

வாக்கு எடை: ஒரு கணக்கு

லிபெர்டாஸ் தன் பரப்புரையில் எட்டுக் காரணங்களை முன்வைத்தது. அவற்றுள் பலமுறை ஒலித்தவற்றை மட்டும் இங்கு நோக்குவோம். அமைச்சரவைக் குழுவில் அயர்லாந்தின் வாக்கு எடை பாதியாகக் குறையும், செருமனியின் எடை இரு மடங்காகும் என்பது ஒன்று.

நீஸ் ஒப்பந்தப்படி மொத்த வாக்குகள் 345. அயர்லாந்துக்கு 7, செருமனிக்கு 29. அதாவது முறையே 2.0 விழுக்காடும் 8.4 விழுக்காடும் ஆகும். லிஸ்பன் ஒப்பந்தம் இவ்வாக்குகளை நீக்கி, மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தது. ஒன்றிய மக்கள்தொகையில் அன்றைய அயர்லாந்தின் பங்கு ஏறத்தாழ 0.9 விழுக்காடு; செருமனியின் பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடு. ஆக, பாதியும் இரு மடங்கும் என்ற கூற்றில் எண்கணிதப் பிழை எதுவும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. லிஸ்பன் முறையில் ஒரு முடிவு நிறைவேற இரு தடைகளைத் தாண்ட வேண்டும். ஆதரிக்கும் நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது ஒன்று. நாடுகளின் எண்ணிக்கையில் 55 விழுக்காடு, அதாவது 27 இல் 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது தடையில் அயர்லாந்தும் ஒன்று, செருமனியும் ஒன்று. அங்கு அயர்லாந்தின் பங்கு 27 இல் ஒன்று, அதாவது 3.7 விழுக்காடு. மேலும் மக்கள்தொகை பலத்தால் ஒரு முடிவைத் தடுக்க வேண்டுமாயின் குறைந்தது நான்கு நாடுகள் சேர வேண்டும் என்ற விதியால், பெரிய நாடுகள் மூன்று மட்டும் கைகோத்து எதையும் தடுத்துவிட இயலாது. லிபெர்டாஸ் இரு தடைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டியது.

இதற்கு மறுமொழி சொல்வதில் உள்ள இடர்ப்பாட்டை மேலுள்ள பத்தியின் நீளமே காட்டும். குற்றச்சாட்டு ஒரு சுவரொட்டியில் அடங்கியது. மறுப்புக்குக் கரும்பலகை தேவைப்பட்டது.

வரி

அயர்லாந்தின் நிறுவன வரி விகிதம் 12.5 விழுக்காடு. அமெரிக்க மென்பொருள், மருந்து நிறுவனங்கள் டப்ளினிலும் கார்க்கிலும் வந்து குவிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால், இவ்விகிதம் அந்நாட்டில் பொருளாதாரக் கொள்கை என்ற நிலையைத் தாண்டி நாட்டின் அடையாளம் போலவே பேசப்பட்டது. லிஸ்பன் ஒப்பந்தம் வரி ஒத்திசைவு பற்றிய பிரிவு ஒன்றில் "போட்டியில் திரிபு ஏற்படாமல் தவிர்க்க" என்ற பொருள்படும் சில சொற்களைப் புதிதாகச் சேர்த்தது. இச்சொற்கள் ஐரோப்பிய நீதிமன்றத்தின் வழியே அயர்லாந்தின் வரி விகிதத்தைத் தாக்க இடமளிக்கும் என்றது லிபெர்டாஸ். ஆனால் அப்பிரிவு விற்பனை வரி போன்ற மறைமுக வரிகளைப் பற்றியது. அதிலும் எல்லா நாடுகளும் ஒருமனதாக இசைந்தால் அன்றி எதுவும் செய்ய இயலாது.

இருப்பினும் இவ்வச்சம் ஆதாரமே இல்லாதது அன்று. நிறுவன வரிக்குப் பொதுவான கணக்கீட்டு அடிப்படை வேண்டும் என்ற திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் அக்காலத்தில் முன்னெடுத்து வந்தது. பிரான்சின் நிதியமைச்சரும் அதற்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்து வந்தார். பின்னாளில் அயர்லாந்தின் வரி முறைமை மீது அடி விழவும் செய்தது. 2016 இல் ஆப்பிள் நிறுவனத்திடமிருந்து 1300 கோடி யூரோ வரை வரி வசூலிக்குமாறு ஆணையம் அயர்லாந்துக்கு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2021 அக்டோபரில் அயர்லாந்து பெரும் பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு என்ற குறைந்தபட்ச வரிக்கு இசைந்தது. முதலாவது, லிஸ்பனுக்குப் பல பத்தாண்டுகள் முந்திய அரசு உதவிச் சட்டத்தின் கீழ் வந்தது. இரண்டாவது, பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சிக்கான அமைப்பில் நடந்த பன்னாட்டுப் பேச்சுவார்த்தையின் விளைவு. லிபெர்டாஸ் காவல் காக்கச் சொன்ன வாசல் வழியே எவரும் வரவில்லை.

ஆணையர் பதவி

ஐரோப்பிய ஆணையத்தில் அன்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் இருந்தார். லிஸ்பன் ஒப்பந்தம் 2014 முதல் இவ்வெண்ணிக்கையை நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க வகை செய்தது. எனவே ஒவ்வொரு பதினைந்து ஆண்டுகளிலும் ஐந்து ஆண்டுகள் அயர்லாந்துக்கு ஆணையர் இருக்கமாட்டார் என லிபெர்டாஸ் எச்சரித்தது. இது எளிதில் விளங்குவது; மறுக்கவும் இயலாதது.

இங்கு ஒரு விந்தை உண்டு. ஆணையர் எண்ணிக்கையைக் குறைப்பது லிஸ்பன் ஒப்பந்தத்தின் புதுமை அன்று. ஒன்றியத்தில் 27 நாடுகள் சேர்ந்ததும் அதன் பின் அமையும் ஆணையத்தில் நாடுகளை விடக் குறைவான ஆணையர்களே இருக்க வேண்டும் என நீஸ் ஒப்பந்தமே கூறியிருந்தது. 2007 இல் பல்கேரியாவும் உருமேனியாவும் இணைந்ததோடு 27 ஆகிவிட்டது. ஆகவே லிஸ்பனை நிராகரித்து நீஸ் ஒப்பந்தத்தின் கீழேயே தொடர்ந்திருந்தால், குறைப்பு 2014 வரை காத்திராமல் 2009 இலேயே வந்திருக்கும். மறுபுறம், ஐரோப்பிய மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தால் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளலாம் என்ற விலக்கு லிஸ்பன் ஒப்பந்தத்தில்தான் இருந்தது. ஆணையரைக் காக்க வேண்டும் என்பவர் சட்டத்தின்படி "ஆம்" என்றே வாக்களித்திருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. "இல்லை" என்ற முடிவுக்குப் பிறகு அயர்லாந்தை மீண்டும் இணங்கச் செய்ய எதையேனும் கொடுத்தாக வேண்டிய நிலை ஏற்பட்டது. 2008 டிசம்பரில் கூடிய ஐரோப்பிய மன்றம், ஒப்பந்தம் நிறைவேறினால் மேற்சொன்ன விலக்கைப் பயன்படுத்தி நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற முறையைத் தொடர்வதாக ஒப்புக்கொண்டது. சட்டத்தின் கண்ணில் தவறான ஒரு வாதம், பேரம் என்ற அளவில் முழு வெற்றி பெற்றது. அப்பேரத்தில் மேசையில் அமர்ந்திருந்தது கவனின் அரசே அன்றி லிபெர்டாஸ் அன்று.

பணமும் வானொலி நேரமும்

உறுப்பினர் பலம் இல்லாத ஓர் அமைப்பு இத்தனை பெரிதாக ஒலித்தது எப்படி? இதற்கு அயர்லாந்தின் பொதுவாக்கெடுப்புச் சட்டத்தை அறிதல் வேண்டும்.

1995 ஆம் ஆண்டு மணமுறிவு குறித்த வாக்கெடுப்பில் அரசு பொதுப் பணத்தைச் செலவிட்டு ஒரு தரப்புக்காகப் பரப்புரை செய்ததை எதிர்த்துப் பட்ரீசியா மெக்கென்னா வழக்குத் தொடுத்தார். அவ்வாறு செய்தல் அரசியலமைப்புக்கு முரண் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வாக்கெடுப்பில் ஒலிபரப்பு நேரம் ஒருதலையாகப் பங்கிடப்பட்டது பற்றி அந்தோனி கொக்லன் தொடுத்த வழக்கிலும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. 2000 இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வழக்கு கட்சிகளுக்கு ஒதுக்கப்படும் ஒலிபரப்புகளைப் பற்றியது எனினும், ஒலிபரப்பு நிறுவனங்கள் தம் விவாத நிகழ்ச்சிகளிலும் இரு தரப்புக்கும் சம நேரம் அளிக்கத் தலைப்பட்டன. 1998 முதல் நடுநிலை விளக்கம் தரும் பணி, வாக்கெடுப்பு தோறும் அமைக்கப்படும் பொதுவாக்கெடுப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இவை நியாயமான தீர்ப்புகளே. அரசு மக்களின் பணத்தைக் கொண்டு மக்களையே ஒரு பக்கம் தள்ளக் கூடாது என்பதில் இரு கருத்து இருக்க இயலாது. ஆனால் இவற்றின் விளைவாக ஒரு வெற்றிடம் பிறந்தது. நாடாளுமன்றத்தில் நூற்றில் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் ஒரு தரப்பில் நிற்க, ஒலிபரப்பு நேரத்தில் பாதி மறுதரப்புக்குக் காத்திருந்தது. அதை நிரப்ப ஆள் வேண்டும். தெளிவாகப் பேசக்கூடிய, பண பலம் உள்ள, எந்தக் கட்சியையும் சாராத தொழிலதிபர் ஒருவர் முன்வந்தபோது அவருக்குக் கதவுகள் தாமே திறந்தன.

அரசுப் பணத்தைத் தடுத்த சட்டம் தனியார் பணத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் தரப்பாகப் பதிவு செய்துகொண்ட அமைப்பு, ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் 6,348.69 யூரோவுக்கு மேல் நன்கொடை பெறக் கூடாது என்பது அப்போதைய விதி. ஆனால் பொதுவாக்கெடுப்பில் எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு உச்ச வரம்பு இல்லை. செலவுக் கணக்கை வெளியிட வேண்டிய கடமையும் இல்லை. கேன்லி தன் அமைப்புக்கு 200,000 யூரோ கடனாகக் கொடுத்தது பின்னர் வெளியானது. கடன் நன்கொடை ஆகாது என்பதால் வரம்பு அதற்குப் பொருந்தவில்லை.

கேன்லியின் நிறுவனத்துக்கு அமெரிக்க அரசுடன் உள்ள வணிகத் தொடர்பைச் சுட்டி, லிபெர்டாசின் பின்னால் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் உள்ளனர் என்ற ஐயத்தை அன்றைய ஐரோப்பிய விவகாரங்களுக்கான இணை அமைச்சர் டிக் ரோச்சும், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் எழுப்பினர். கேன்லி இதனை மறுத்தார். குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை. செலவுக் கணக்கை வெளியிடச் சட்டமே கட்டாயப்படுத்தியிருந்தால் இவ்வூகங்களுக்கு இடமே இருந்திராது.

முடிவும் அதன் காரணங்களும்

வாக்களித்தோர் 53.1 விழுக்காட்டினர். ஆதரவு 752,451, எதிர்ப்பு 862,415. 43 தொகுதிகளில் பத்து மட்டுமே ஆதரித்தன. அவற்றுள் பெரும்பாலானவை டப்ளினிலும் அதனைச் சூழ்ந்தும் இருந்த வசதி மிக்க தொகுதிகள்.

லிபெர்டாஸ்தான் ஒப்பந்தத்தை வீழ்த்தியது என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. வாக்கெடுப்பு முடிந்தவுடன் ஐரோப்பிய ஆணையத்துக்காக எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பு இதனை அப்படியே ஆதரிக்கவில்லை. "இல்லை" என்றோரில் 22 விழுக்காட்டினர் சொன்ன காரணம், ஒப்பந்தத்தைப் பற்றிப் போதிய அளவு தெரியாது என்பது. அயர்லாந்து அடையாளத்தைக் காக்க என்றோர் 12 விழுக்காடு. ஆணையர் இழப்பு, வரி என லிபெர்டாஸ் உரக்கச் சொன்னவற்றைக் குறிப்பிட்டோர் ஒவ்வொன்றிலும் 6 விழுக்காட்டினரே. எனினும், தெரியாத ஒன்றுக்கு இசைய வேண்டாம் என்பதே "இல்லை" தரப்பு முழுவதன் அடிநாதமாக இருந்ததால், அந்த 22 விழுக்காட்டையும் பரப்புரையிலிருந்து முற்றிலும் பிரித்துப் பார்க்க இயலாது. ஐயத்தை விதைத்தல் லிபெர்டாசுக்குப் போதுமானதாக இருந்தது. தன் எட்டுக் காரணங்களையும் ஏற்கச் செய்ய வேண்டியதில்லை.

ஐரோப்பியத் தேர்தல், 2009

வெற்றியின் சூட்டோடு கேன்லி 2008 டிசம்பரில் லிபெர்டாசை ஐரோப்பா தழுவிய அரசியல் கட்சியாக அறிவித்தார். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் நிதியுதவி பெறச் செய்த விண்ணப்பம், ஆதரவாளர்களாகக் காட்டப்பட்ட இருவர் தாம் அவ்வாறு ஒப்பமிடவில்லை என மறுத்ததால் 2009 பெப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூன் மாதத் தேர்தலில் பல நாடுகளில் வேட்பாளர்களை நிறுத்திய போதும் ஓர் இடமே கிடைத்தது. அதுவும் பிரான்சில் தனக்கெனக் கட்சியும் வாக்குவங்கியும் ஏற்கனவே கொண்டிருந்த பிலிப் டி வில்லியே பெற்றது. அயர்லாந்தின் வடமேற்குத் தொகுதியில் நின்ற கேன்லி 67,638 முதல் விருப்ப வாக்குகள் பெற்றுத் தோல்வியுற்றார்.

முன்னர் கூறியதுபோல, ஒரு கேள்விக்கு "இல்லை" எனக் கூற ஒன்றுகூடியோர், ஓர் ஆளுக்கு "ஆம்" எனக் கூற ஒன்றுகூடவில்லை.

இரண்டாம் வாக்கெடுப்பு

2008 செப்டம்பர் 30 அன்று அயர்லாந்து அரசு தன் நாட்டு வங்கிகளின் பெரும்பாலான கடன்களுக்குப் பொறுப்பேற்றது. அடுத்த ஓராண்டில் வேலையின்மை 12 விழுக்காட்டைத் தாண்டியது. தனித்து நிற்பது குறித்த அச்சம், ஒப்பந்தம் குறித்த ஐயத்தை விஞ்சியது. 2009 ஜூனில் வரி, இராணுவ நடுநிலைமை, கருக்கலைப்பு உள்ளிட்ட அறநெறி சார்ந்த சட்டங்கள் ஆகியவற்றில் ஒப்பந்தம் தலையிடாது என்ற சட்ட உறுதிமொழிகளை அயர்லாந்து பெற்றது. இவை பின்னர் ஒப்பந்தங்களுடன் ஒரு நெறிமுறையாக இணைக்கப்பட்டன.

இம்முறை "ஆம்" தரப்பு, அரசியல்வாதிகளின் முகங்களைக் குறைத்து, குடிமக்கள் அமைப்புகளை முன்னிறுத்தியது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் முன்னாள் தலைவர் பாட் காக்சு தலைமையிலான "ஐரோப்பாவுக்காக அயர்லாந்து" அவற்றுள் பெரியது. இன்டெல் நிறுவனம் தானே பரப்புரையில் இறங்கியது. ரயன்ஏர் வானூர்தி நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஓ'லியரி ஐந்து இலட்சம் யூரோ செலவிடப் போவதாக அறிவித்தார். முந்திய ஆண்டு எந்தச் சட்ட இடைவெளி வழியே கேன்லியின் பணம் வந்ததோ, அதே இடைவெளி வழியே இவ்வாண்டு அதனினும் பெரிய பணம் எதிர்த்திசையில் வந்தது. அப்போது எழுந்த கண்டனம் இப்போது அதே அளவு எழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எதிர்த்தரப்பில் கோயிர் அமைப்பு 1.84 யூரோ என்ற எண்ணைப் பெரிதாக எழுதி, லிஸ்பனுக்குப் பின் குறைந்தபட்சக் கூலி இதுதானோ என வினவும் சுவரொட்டியை ஒட்டியது. அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.65 யூரோ, ஒப்பந்தத்தில் கூலி பற்றி எதுவும் இல்லை. கேள்விக்குறி இட்டதால் அது பொய்யாகாது போலும். இரண்டாம் பரப்புரையில் ஈடுபடப் போவதில்லை எனக் கூறியிருந்த கேன்லி செப்டம்பரில் திரும்பி வந்தார். ஆனால் அவர் நிரப்பிய வெற்றிடம் அப்போது இல்லை. 2009 அக்டோபர் 2 அன்று 1,214,268 பேர் ஆதரித்தும் 594,606 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். டோனிகால் மாவட்டத்தின் இரு தொகுதிகள் மட்டும் "இல்லை" என்றன. லிஸ்பன் ஒப்பந்தம் 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

பின்விளைவுகள்

லிபெர்டாஸ் பின்னர் தேர்தல் களத்தில் மீண்டும் எழவில்லை. கேன்லி 2012 மே மாதம் நடந்த நிதி உடன்படிக்கை வாக்கெடுப்பிலும் எதிர்ப்புத் தெரிவித்தார், அது 60.4 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. வாக்கெடுப்பு தோறும் புதிதாக அமைக்கப்பட்டு வந்த பொதுவாக்கெடுப்பு ஆணையத்தின் பணியை 2023 இல் தொடங்கப்பட்ட நிலையான தேர்தல் ஆணையம் ஏற்றுக்கொண்டது.

ஆணையர் எண்ணிக்கை பற்றிய வாக்குறுதியை 2013 மே மாதம் ஐரோப்பிய மன்றம் முறைப்படி முடிவாக எடுத்தது. கூடுதல் ஆணையர்களால் துறைகள் துண்டு துண்டாகச் சிதறுகின்றன என்ற குறை அப்போதிருந்து சொல்லப்பட்டு வருகிறது. எனினும் தன் ஆணையரை விட்டுக்கொடுக்க எந்த நாடும் முன்வரவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று பொறுப்பேற்ற ஆணையத்திலும் நாட்டுக்கு ஒருவராக 27 பேர் இருந்தனர். அயர்லாந்தின் சார்பில் மைக்கேல் மெக்கிராத் இடம்பெற்றார்.